கரு இருக்கிறது, கதை ஓடவில்லை: எழுத உட்காருமுன் பார்க்க வேண்டிய பழுதுகள்

நல்ல கரு ஒன்று கையில் இருக்கிறது. நாலு பேரிடம் சொன்னால் "எழுதுங்கோ, நல்லா வரும்" என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. பழுது நடையில்தான் என்று நினைத்து முதற் பக்கத்தையே ஏழெட்டுத் தடவை திருத்துகிறவர்கள் அதிகம். அனேகமாகப் பழுது அங்கே இருக்காது. எழுதத் தொடங்குமுன் தீர்த்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று தீராமல் கிடக்கும். தாளில் ஒற்றை வரியாக இருக்கும்போது அதைத் திருத்தப் பத்து நிமிடம் போதும். 150 பக்கம் எழுதிய பிறகென்றால் ஒரு மாரி முழுவதும் அதற்கே போய்விடும்.

சாமான் பெரிதாக வேண்டாம். 80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில், ஒரு பிரிஸ்டல் போர்ட். வழக்கமான 22க்கு 28 அங்குலப் போர்டை 3க்கு 5 அங்குலமாக வெட்டினால் 35 அட்டை வரும். சிறுகதைக்கு ஐந்து முதல் எட்டு அட்டை, அதாவது அத்தனை காட்சி. நாவலுக்கு 40, 50 வேண்டும். இரண்டாவது போர்டு வாங்குங்கள். ஆங்கிலக் கையேடுகள் தரும் சொற்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் வேற்றுமையும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் குறைந்த சொல்லிலேயே அதே நீளம் வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரே கருவைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாத் துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையான பாதை அக்கரை போய்த் திரும்பும்வரை லொறிக்காரர், ரியூசன் பிள்ளைகள், அரச அலுவலாகக் கச்சேரிக்குப் போகிறவர் எல்லாரும் கரையில் நிற்க வேண்டும். நிற்கிறவர் தேத்தண்ணி குடிப்பார். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கிறது. இனி யாரும் அங்கே நிற்கப் போவதில்லை. கடைக்காரருக்கு ஹனீபா என்று பெயர் வைப்போம்.

கீழே உங்கள் கருவுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போங்கள். காரணங்கள் மலிவானதிலிருந்து செலவானதுக்கு வரிசையாக இருக்கின்றன. முதலாவதைச் சோதிக்காமல் கடைசிக் காரணத்தில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி 1: கரு ஒரு வரிக்கு மேல் நீளமாட்டேன் என்கிறது

முதற் காரணம்: கையில் இருப்பது நிலைமை, அதற்குள் ஆள் இல்லை. "பாலம் வந்ததால் துறையடி வெறிச்சோடியது" என்பது நிலைமை. கொப்பியில் இந்த நான்கு வெற்றிடத்தையும் நிரப்புங்கள்: யார், எதை அடைய, எந்த நாளுக்கு முன், எது தடுக்கிறது. "மகளின் கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாளோடு. அதற்குள் அவளுக்கான வீட்டுக்குக் கூரை போட்டுவிட வேண்டும் என்றிருக்கும் ஹனீபாவுக்குப் பாலம் திறந்த நாளோடு வருமானம் நின்றுபோகிறது." இப்போது ஓடும். கிழக்கில் வீடு பெண்ணுக்குப் போகிற வழக்கம் இருப்பதால் கெடு தானாகவே கிடைத்துவிட்டது. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது: ஆசை கண்ணுக்குத் தெரியாதது. நிம்மதி, விடிவு, அடையாளம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். சோதனை எளிது: அது கிடைத்த நாளில் அதைப் படம் பிடிக்க முடியுமா? கூரையைப் பிடிக்கலாம். நிம்மதியைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது: கெடு மிகத் தூரத்தில் இருக்கிறது. "என்றாவது ஒரு நாள்" என்றால் ஆள் இன்றைக்கு எழும்பி நடக்க வேண்டிய தேவை இல்லை. பாலம் திறந்தது ஒக்டோபரில், அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பர் கடைசியில். இடையில் ஐந்தாறு கிழமைதான். அதுவும் திருகோணமலைப் பக்கத்து மாரி. கூரையில்லாத சுவர் நனைந்துகொண்டிருக்கும்.

கடைசிக் காரணம் கொஞ்சம் வலிக்கும்: கரு கதைக்கு உரியதல்ல. மூன்று முறை வெவ்வேறு நாளில் உட்கார்ந்தும் நான்கு வெற்றிடமும் நிரம்பவில்லையென்றால் அது கவிதையாக இருக்கலாம். வேறு கதையின் ஒரு காட்சியாகவும் இருக்கலாம். கொப்பியில் கிடக்கும் இன்னொரு கருவின் ஆளை எடுத்து இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் மூடி வையுங்கள், எறிய வேண்டாம்.

அறிகுறி 2: சம்பவம் மலைபோல இருக்கிறது, கதை மட்டும் எழும்பவில்லை

திருகோணமலையில் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் பழுது இது. கோணேசர் மலை, 1942 குண்டுவீச்சு, கந்தளாய்க் குளம் உடைந்தது, சுனாமி, யுத்தம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. சம்பவத்தின் கனத்தைக் கதையின் கனம் என்று எண்ணிவிடுகிறோம். வாசகர் அழுவார்தான். ஆனால் அவர் அழுவது தனக்கு ஏற்கெனவே தெரிந்த துயரத்துக்காக. உங்கள் கதாபாத்திரத்தை அதுவரை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

சோதனை அ: சம்பவத்தைத் தாளில் கையால் மூடுங்கள். மீதியில் ஓர் ஆளும் அவருக்கொரு தேவையும் தெரிகின்றனவா? தெரிந்தால் கீழே உள்ள முதலிரண்டு காரணங்களில் ஒன்றுதான். வெற்றுத் தாளாக இருந்தால் நேரே மூன்றாவதுக்குப் போங்கள்.

சோதனை ஆ: சுனாமிக் கதையென்றால் 2004 டிசம்பர் 26 காலை எட்டு மணிக்கு உங்கள் ஆள் அன்றைக்கு எதைச் செய்து முடிக்கப் புறப்பட்டார் என்று எழுதுங்கள். பதில் "கடற்கரையில் நின்றார்" என்றால் அவருக்கு இன்னும் கதை இல்லை. "தங்கச்சியின் காதணியை அடகுக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் தெரியாமல் புறப்பட்டார்" என்றால் இருக்கிறது. அலை வந்த பிறகும் அந்தக் காதணி அவர் மடியிலேயே இருக்கும்.

முதற் காரணம், தொடங்கிய இடம் பிழை. சம்பவத்தோடு தொடங்காமல் ஒரு நாள் முன்னாலோ ஐந்து வருடம் பின்னாலோ தொடங்கிப் பாருங்கள். பாதிக் கருக்கள் இதிலேயே சரியாகிவிடும். இரண்டாவது, சம்பவம் கதையின் சிக்கலைத் தீர்த்துவைக்கிறது. கடன்காரன் அலையில் போய்விடுகிறான், பகையாளி ஷெல்லில் செத்துவிடுகிறான். தற்செயல் ஓர் ஆளைச் சிக்கலில் தள்ளலாம். அதிலிருந்து தூக்கிவிடக் கூடாது. கதையின் முதற் காற்பங்கைத் தாண்டிய பிறகு புதிய பேரிடர் எதையும் உள்ளே விடாதீர்கள்.

மூன்றாவதுதான் செலவானது: உங்களுக்கு வேண்டியது ஆவணம், கதையல்ல. அப்படியென்றால் சாட்சியங்களைச் சேர்த்துக் கட்டுரையாகவே எழுதுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

வெளியாள் தேவைப்படும் இடம்: கரு உயிரோடிருக்கும் ஒரு குடும்பத்தின் இழப்பிலிருந்து வந்தது என்றால் திட்டத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் மேலே போக வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும் விடயமென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், ஆண்டு மூன்றும் அப்படியே இருந்தால் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

அறிகுறி 3: நிறைய நடக்கிறது, ஆனால் இழுக்கவில்லை

அட்டைகளைத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்றில் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பிறகு", "ஆகையால்", "ஆனால்". தொடர்ந்து இரண்டு "பிறகு" வந்தால் அந்த இடத்தில்தான் கசிவு.

பாலம் திறக்கிறது. *பிறகு* மகள் சேலை எடுக்கப் போகிறாள். *பிறகு* ஹனீபாவுக்குக் காய்ச்சல். இது நாட்குறிப்பு.

பாலம் திறக்கிறது. *ஆகையால்* ஹனீபா கடையைப் பாலத்தடிக்கு மாற்றப் பார்க்கிறார். *ஆனால்* பாலத்தடிக் காணி ஐந்து வருடமாகப் பேசாத மச்சானுடையது. *ஆகையால்* மனைவியைத் தூது அனுப்புகிறார். *ஆனால்* அவள் தன் தமையனிடமிருந்து ஹனீபா மறைத்த ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்புகிறாள்.

"பிறகு" அகப்பட்டால் முதலில் அட்டைகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள், செலவே இல்லை. அடுத்து இரண்டு அட்டையை ஒன்றாக்குங்கள்: சேலைக் கடையிலேயே காணிப் பேச்சு வரட்டும். அதுவும் முடியாவிட்டால் அட்டையை எடுத்துவிடுங்கள். இழுவை குறைந்த கதையை அட்டை சேர்த்துச் சரியாக்கலாம் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இழுவை இன்னும் குறையும்.

மூன்றும் செய்தும் சரிவராவிட்டால் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் அந்தக் காட்சியில் முடிவெடுத்தது யார் என்று முதலெழுத்தைப் போடுங்கள். பாதிக்குக் குறைவான அட்டைகளில்தான் உங்கள் நாயகரின் எழுத்து இருக்கிறதென்றால் நீங்கள் பிழையான ஆளின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதிக எழுத்து யாருக்கோ அவருக்குக் கதையைக் கொடுங்கள். இந்தக் கதை ஹனீபாவின் மனைவியுடையதாக முடியலாம். தூது போகிறவளுக்குத்தான் இரண்டு வீடும் தெரியும். இது பெரிய வேலை. எல்லா அட்டையையும் புதிதாக எழுத வேண்டிவரும். ஆனாலும் அட்டையாகவே இருக்கும்போது செய்தால் இரண்டு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

அறிகுறி 4: தொடக்கமும் முடிவும் சரி, நடுவில் தொய்கிறது

ஹனீபா மூன்று பேரிடம் கடன் கேட்கிறார், மூவரும் இல்லையென்கிறார்கள். மூன்று காட்சி போலத் தெரியும்; உண்மையில் ஒரே காட்சி மூன்று தடவை வருகிறது. ஒவ்வொரு முயற்சியும் தோற்கும்போது ஒரு வழி நிரந்தரமாக அடைபட வேண்டும், கொடுக்கும் விலையும் ஏற வேண்டும். முதலில் கூட்டாளியிடம் கைமாற்று: மானம் கொஞ்சம் போகிறது. அடுத்து மனைவியின் நகை: அது போனால் கல்யாணத்தன்று அவள் கழுத்து வெறுமையாக இருக்கும். அதன் பிறகு மச்சானின் வாசற்படி. வரிசையைப் பின்னிருந்து முன்னாக வாசித்தாலும் கதை கெடவில்லையென்றால் விலை ஏறவில்லை என்று அர்த்தம்.

அது சரியாக இருந்தும் தொய்ந்தால் நடு அட்டையைப் பாருங்கள். அங்கே கேள்வியே மாற வேண்டும். முதற் பாதியில் "காசு கிடைக்குமா?" இரண்டாம் பாதியில் "உண்மையைச் சொல்வாரா?" எந்த உண்மை? சுனாமி நிவாரணப் பட்டியலில் மச்சானின் வள்ளத்தைத் தன்னுடையதென்று பதிந்தார் ஹனீபா. கிடைத்த புது வள்ளத்தை விற்றுத்தான் அந்தத் தேத்தண்ணிக் கடையையே போட்டார். கேள்வி மாறாமல் அதே கேள்வியை 200 பக்கம் இழுக்கும் நாவல்கள் 90ஆம் பக்கத்தில் இளைக்கும்.

செலவான காரணம்: எதிரே நிற்பவருக்கு நியாயம் இல்லை. மச்சானை வெறும் கல்நெஞ்சனாக வைத்தால் வாசகர் ஹனீபாவோடு சும்மா சேர்ந்துகொள்வார், நடுப்பகுதி தள்ளாது. ஒரு முழுப் பக்கம் மச்சானின் வாயால் கதையைச் சொல்லிப் பாருங்கள். வாசித்து முடிக்கும்போது "இவன் சொல்வதும் சரிதான்" என்று உங்களுக்கே பட வேண்டும். படவில்லையென்றால் இன்னொரு பக்கம் எழுதுங்கள். இதில் அவசரப்படுகிறவர்களே அதிகம்.

அறிகுறி 5: முடிவு தெரியவில்லை, அல்லது வானத்திலிருந்து விழுகிறது

முதல் அட்டையைத் திரும்ப எடுங்கள். அங்கே கேட்ட கேள்விக்குக் கடைசி அட்டை பதில் சொல்கிறதா? கூரைக் கதை தேசத்தின் ஒற்றுமையில் முடிந்தால் கேள்வி ஒன்று, பதில் வேறு.

பிறகு, கடைசித் தெரிவு நாயகர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மைத்துனன் காசு அனுப்பிக் கூரை போட்டால் நாங்கள் எல்லாரும் நம்புவோம், ஏனென்றால் ஊரில் அப்படித்தான் நடக்கிறது. கதைக்கு மட்டும் அது ஆகாது. ஹனீபா முன் இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டிலும் இழப்பு இருக்க வேண்டும்: வள்ளத்தைப் பற்றி மாமியின் முன்னால் ஒப்புக்கொண்டு காணியைப் பெறுவது, வாயை மூடிக்கொண்டு கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்தால் இரண்டு முடிவையும் அரைப் பக்கம் அரைப் பக்கமாக எழுதி இரண்டு நாள் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது எழுதக் கூச்சமாக இருக்கும் முடிவுதான் அனேகமாகச் சரியானது.

அறிகுறி 6: முன்கதையே முழுக்கதையையும் விழுங்குகிறது

வள்ளக் கதையைச் சொல்ல 2004, அதற்கு முன் சம்பந்தம் செய்த கதை, அதற்கும் முன் வாப்பாவின் கதை. ஒரு முன்கதைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டு வரி. அதற்கு மேல் கிடையாது. வாசகர் தானாகக் கேட்கும் இடம் வரும்வரை அந்த அட்டையை உள்ளே வைக்காதீர்கள். மச்சான் ஏன் பேசுவதில்லை என்று வாசகர் மூன்று காட்சி யோசிக்கட்டும். முன்கதை அட்டைகள் மொத்தத்தில் நாலில் ஒன்றைத் தாண்டினால், உங்கள் கதை உண்மையில் அந்த ஆண்டில்தான் நடக்கிறது. அங்கேயே தொடங்குங்கள்.

அறிகுறி 7: காலமும் இடமும் உதைக்கின்றன

கதை நன்றாகவே இருக்கும். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் வாசித்து "இது நடந்திருக்காதே" என்பார். அத்தோடு நம்பிக்கை போய்விடும். கதை நடக்கும் ஆண்டின் நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொரு அட்டையின் மேலும் திகதி, கிழமை, நேரம் போடுங்கள். அடிக்கடி அகப்படும் பிழைகள் சில:

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, பௌர்ணமி நாள், பாடசாலை விடுமுறை. வகுப்பறையில் பிள்ளைகளை இருத்தினால் அட்டையைக் கிழிக்க வேண்டியதுதான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் தாக்கியது கொழும்பை. திருகோணமலையில் குண்டு விழுந்தது 9ஆம் திகதி, வியாழக்கிழமை. இரண்டையும் ஒரே நாளாக்குகிறவர்கள் உண்டு. கந்தளாய் அணை உடைந்தது 1986 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு கழிந்த அடுத்த கிழமை. 2009இல் ஹனீபாவின் கையில் 5,000 ரூபாய்த் தாளைக் கொடுக்காதீர்கள். அது 2011இல்தான் புழக்கத்துக்கு வந்தது.

சூரியனையும் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளிக் கரைகள் கிழக்கு நோக்கியவை. அங்கே கடலுக்குள் சூரியன் மறையாது. நீருக்கு மேலே அந்தி வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் ஆளைக் கொண்டுபோங்கள். நகரம் இரண்டு நீருக்கு நடுவில் இருப்பதால் ஒரே தெருவில் பத்து நிமிடம் நடந்தால் விடியலின் கடலிலிருந்து அந்தியின் கடலுக்குப் போய்விடலாம். இதைப் பயன்படுத்தத் தெரிந்தால் ஒரு காட்சி மிச்சம். நவம்பர், டிசம்பர் வாடையில் கடல் எழும்பி நிற்கும். அந்த மாதத்தில் காதலர்களைச் சிறு தோணியில் புறாத்தீவுக்கு அனுப்பாதீர்கள். நகர வீதியில் புள்ளிமான் நிற்பதை மட்டும் தயங்காமல் எழுதலாம். வெளியூர்க்காரர் நம்பமாட்டார், ஆனாலும் அது நிற்கும்.

வெளியாள் தேவைப்படும் இடம்: ஒரு தொழிலின் கையசைவு தெரியாதபோது. கரைவலை இழுப்பதை, ஓடு போடுவதை, ஆசுபத்திரி வாட்டில் இரவுக் கடமையை ஊகத்தில் எழுத வேண்டாம். அந்தத் தொழிலில் இருப்பவரிடம் "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் வரும், உங்களுக்கு உதவாது. "எதிலே அடிக்கடி பிழை வரும்?" என்று கேளுங்கள். பழைய பத்திரிகை, மலர்களுக்கு நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள்; அங்கே இல்லாததற்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம்.

அறிகுறி 8: திட்டம் முடிவதே இல்லை

அட்டைக்கு நிறம் பூசத் தொடங்கிவிட்டீர்களா? சிறுகதைக்கு ஒரு கிழமை, நாவலுக்கு மூன்று மாதம். அதற்கு மேல் திட்டம் போட்டால் எழுதப் பயம் என்று அர்த்தம். முதற் காட்சியை விட்டுவிட்டு உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் நடுக் காட்சியொன்றை எழுதுங்கள். எழுதும்போது அட்டை பிழையென்று பட்டால் அட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

செம்மையாக்குநரிடம் எப்போது போவது

மேலே உள்ள சோதனைகளை இரண்டு சுற்றுச் செய்தும் அதே அறிகுறி திரும்பி வந்தால் போகலாம். அதற்கு முன் காசு செலவழிக்க வேண்டாம். போகும்போது கைப்பிரதியைக் கொண்டுபோகாதீர்கள். 300, 400 சொல்லில் முடிவுவரை சொல்லும் ஒற்றைப் பக்கம் போதும். முடிவை மறைத்து "வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுகிறவர்களுக்கு எந்தச் செம்மையாக்குநராலும் உதவ முடியாது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "நாலாவது அட்டையிலிருந்து ஐந்தாவதுக்கு ஏன் போகிறார் என்று நம்புகிறீர்களா?" என்று கேளுங்கள்.

அந்தப் பக்கத்தை அனுப்புமுன் ஒரு சோதனை இருக்கிறது, செலவு ஒரு பிளேன்டீ. புத்தகம் வாசிக்காத ஒருவரைப் பிடித்து, தாளைப் பார்க்காமல் பத்து நிமிடத்தில் கதையைச் சொல்லுங்கள். இடையில் விளக்கம் சொல்ல வேண்டிவந்த இடத்தையும், அவர் கை போனுக்குப் போன இடத்தையும் மனதில் வைத்திருந்து, வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டைகளில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். "பிறகு அந்த மச்சான் என்ன சொன்னவர்?" என்று அவர் கேட்ட இடத்துக்குப் புள்ளி வேண்டாம்.